மேகத்தின் பிடிவாதம்

1981 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் ஜேம்ஸ் ஹான்சனும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கரியமில வாயு பெருகுவதால் பூமி எவ்வளவு சூடாகும் என்பது அதன் பொருள். அந்தக் கட்டுரையைப் பலரும் அதன் எச்சரிக்கைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னை அதில் நிறுத்தியது ஒரு சின்ன அட்டவணை. அதன் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கரியமில வாயு இரு மடங்கானால் தரையின் சூடு எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறும்? ஒரு வரி 1.94 என்கிறது. இன்னொரு வரி 2.78 என்கிறது.

இரண்டும் ஒரே மாதிரியில் போட்ட கணக்கு. அதே சூரியன், அதே வாயு, ஈரப்பதத்துக்கு அதே விதி, மேகத்தின் பரப்பும் அதேதான். ஓர் அனுமானம் மட்டும் மாறியது. பூமி சூடேறும்போது மேகம் தான் மிதந்த உயரத்திலேயே மிதக்கும் என்று முதல் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். தான் இருந்த வெப்பநிலையிலேயே இருக்கும், அதற்காக உயரத்தை மாற்றிக்கொள்ளும் என்று இரண்டாவதில் வைத்துக்கொண்டார்கள். மேகம் எதை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்ற இந்த ஒரே கேள்விக்கு விலை 0.84 டிகிரி.

ஹான்சன் வேலை பார்த்த நாசாவின் கோடார்டு விண்வெளி ஆய்வுக் கழகம் நியூயார்க்கின் பிராட்வே சாலையில், டாம்ஸ் என்ற உணவகத்துக்கு மேலே இருந்தது. கீழே காபி ஆற, மேலே பூமி சூடாகிக்கொண்டிருந்தது. அங்கே உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் பெரிய மாதிரியும் இருந்தது. ஆனால் இந்த இரண்டு எண்களும் வந்தது அதிலிருந்து இல்லை. கைக்கணக்குக்கு ஒரு படி மேலே நிற்கும் எளிய மாதிரி ஒன்றில்தான் அவை கிடைத்தன.

எளிய மாதிரி என்றால் எவ்வளவு எளிது? அதில் கடலும் மலையும் கிடையாது. இரவு பகல் கிடையாது, மழைக்காலமும் வெயில் காலமும் கிடையாது, பக்கவாட்டில் காற்றும் வீசாது. தரையிலிருந்து வானத்தின் உச்சி வரைக்கும் ஒரே ஒரு தூண் காற்று, அவ்வளவுதான் உலகம். அந்தத் தூணைப் பல அடுக்குகளாக அறுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு வெயிலை உறிஞ்சுகிறது, எவ்வளவு அகச்சிவப்புக் கதிரை மேலும் கீழும் விடுகிறது என்று கணக்கிடுவார்கள். கதிர்வீச்சை மட்டும் நம்பி விட்டுவிட்டால் தரை நிஜத்தைவிட மிக அதிகமாகக் காயும். நிஜ உலகில் சூடான காற்று எழும்பி அந்த வெப்பத்தை மேலே ஏற்றிக்கொண்டு போகிறது. காற்று எழும்புவதை ஒவ்வோர் அடியாகத் துரத்திக் கணக்கிடுவதற்குப் பதிலாக ஒரு விதி போட்டார்கள்: ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 டிகிரிக்கு மேல் குளிரக் கூடாது. குளிர்ந்தால் பக்கத்து அடுக்குகளைக் கலந்துவிடு. இதற்குக் கதிர்வீச்சு-வெப்பச்சலன மாதிரி என்று பெயர்.

இதை உருப்படியாகச் செய்து காட்டியவர் சியூகுரோ மனாபே. ஜப்பானின் எஹிமே மாகாணத்தில் பிறந்து, 1958-ல் அமெரிக்காவுக்குப் போனவர். 1967-ல் அவரும் ரிச்சர்ட் வெத்தரால்டும் தங்கள் தூணில் கரியமில வாயுவைப் பத்து லட்சத்தில் 300 பங்கிலிருந்து 600 பங்காக ஏற்றினார்கள். சராசரி மேகத்தோடு வந்த விடை 2.36 டிகிரி. மேகமே இல்லாத வானத்துக்கு 2.92. 2021-ல் மனாபேவுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்தக் கணக்கும் பேசப்பட்டது. சூப்பர் கணினிகளின் காலத்தில் ஒற்றைத் தூண் காற்றுக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்தவர்கள் உண்டு. அந்தக் கட்டுரையை ஒருமுறை படித்தால் வியப்பு போய்விடும்.

அதில் மேகங்கள் மூன்றே மூன்று. 10 கிலோமீட்டர் உயரத்தில் கீற்று மேகம், வானத்தில் சுமார் 23 சதவீதம். 4 கிலோமீட்டர் உயரத்தில் நடு மேகம், 9 சதவீதம். 2 கிலோமீட்டரை ஒட்டித் தாழ்ந்த மேகம், 31 சதவீதம். மூன்றையும் ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். சூடு ஏறினாலும் இறங்கினாலும் அவை அசையாது, பெருகாது, கரையாது. மேகம் உண்மையில் இப்படி நடந்துகொள்ளாது என்பது மனாபேவுக்குத் தெரியாததல்ல. எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல், ஆணியை எல்லோரும் பார்க்கும்படி அடித்தார்.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மேகத்தையும் தனித்தனியாக ஒரு சதவீதம் கூட்டிப் பார்த்தார்கள். வானத்தில் இன்னும் ஒரு சதவீதத்தைத் தாழ்ந்த மேகம் மறைத்தால் தரை ஏறத்தாழ 0.8 டிகிரி குளிர்ந்தது. நடு மேகம் என்றால் அதில் பாதி. கீற்று மேகம் மட்டும் வேறு குணம் காட்டியது. அது அகச்சிவப்பை முழுக்க மறிக்கும் அளவுக்குத் தடிமனாக இருந்தால் தரை சற்றுச் சூடானது. பாதிதான் மறிக்கும் என்றால் ஏறக்குறைய ஒன்றுமே ஆகவில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். தாழ்ந்த மேகம் 31 சதவீதம் இருக்கிறது. கரியமில வாயு இரு மடங்கானால் வரும் 2.36 டிகிரியை முழுவதும் விழுங்க அது எவ்வளவு பெருக வேண்டும்? மூன்றே சதவீதம். 31 என்பது 34 ஆனால் புவி வெப்பமாதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே மேகம் 28-க்குச் சுருங்கினால் வெப்பம் இரட்டிப்பாகும். அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு வானத்தில் 31 சதவீதம் மேகமா 34 சதவீதமா என்று சொல்லக்கூடியவர் யாராவது உண்டா? அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் ஒரு நூற்றாண்டின் கதை அடங்கிக் கிடந்தது.

இங்கே 'காலநிலை உணர்திறன்' என்ற சொல்லை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கரியமில வாயுவை இரு மடங்காக்கிவிட்டு, எல்லாம் அடங்கி நிலைக்கு வரும்வரை காத்திருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி ஏறியிருக்கும்? அந்த எண்ணுக்கே அந்தப் பெயர். 1896-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரேனியஸ் கையால் கணக்குப் போட்டு 5 முதல் 6 டிகிரி என்றார். 1979 ஜூலையில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் ஜூல் சார்னி தலைமையில் கூடிய குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. அந்தக் குழுவின் கையில் இருந்தவை மனாபேவின் மாதிரிகளும் ஹான்சனின் மாதிரிகளும். மனாபேயினுடையவை 2 டிகிரியை ஒட்டி, ஹான்சனுடையவை 4 டிகிரியை ஒட்டி. இரண்டு பக்கமும் அரை டிகிரி தாராளமாக விட்டார்கள் என்று பார்த்தால் விடை வந்துவிடுகிறது. அந்த வீச்சு அடுத்த நாற்பதாண்டுகளுக்கு அசையவில்லை என்றே சொல்லலாம். அசையாமல் இருந்ததற்கு முதல் காரணம் மேகம்.

ஏன் மேகத்துக்கு மட்டும் இவ்வளவு வலு? ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் கொட்டுகிறது, அடியில் மடை திறந்திருக்கிறது. நீர்மட்டம் உயர உயர மடையில் வேகம் கூடும். குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால், வரவும் செலவும் சமமாகும்வரை மட்டம் ஏறி அங்கே நிற்கும். பூமியில் குழாய் என்பது உள்ளே தங்கும் வெயில். மடை என்பது விண்வெளிக்குத் தப்பும் அகச்சிவப்பு. நீர்மட்டம் என்பது வெப்பநிலை. கரியமில வாயு இரு மடங்கானால் கணக்கில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.9 வாட் மிச்சமாகிறது. பூமி ஒரு டிகிரி சூடேறினால் கூடுதலாக 3.2 வாட்டை மடை வழியே விடும். வேறு எதுவும் மாறாவிட்டால் 3.9-ஐ 3.2-ஆல் வகுத்தால் போதும், சுமார் 1.2 டிகிரி. இதில் சண்டையே கிடையாது.

சண்டை மடையில் சேரும் சேற்றைப் பற்றியது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. உயரே காற்று சூடாகும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், இது மடையின் 3.2-லிருந்து 1.3-ஐ அடைத்துவிடுகிறது. மிச்சம் 1.9, வெப்பம் 2 டிகிரியாகிறது. பனியும் உறைபனியும் உருகுவதால் இன்னொரு 0.35 அடைபடுகிறது. மிச்சம் சுமார் 1.55, வெப்பம் இரண்டரை. இப்போது மேகம் வருகிறது. ஐபிசிசி எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை மேகத்தின் பங்கை 0.42 என்று மதிப்பிட்டது. மைனஸ் 0.1 முதல் பிளஸ் 0.94 வரை எதுவும் சாத்தியம் என்றும் சொன்னது. 0.42-ஐ எடுத்துவிட்டால் விடை சுமார் 3.4 டிகிரி. மைனஸ் 0.1 என்றால் 2.4. ஆனால் 0.94 என்றால்? மடையில் மிச்சம் 0.6 மட்டுமே. வெப்பம் 6 டிகிரியைத் தாண்டிவிடும்.

முதல் கூடைச் சேறு விழும்போது தொட்டியின் மட்டம் கொஞ்சம்தான் ஏறும். ஏற்கெனவே பாதி அடைபட்ட மடையில் அதே அளவு சேறு இன்னொரு கூடை விழுந்தால் மட்டம் சரேலென்று ஏறும். மேகம் கடைசியாக வரும் கூடை. அதன் அளவில் உள்ள சின்னத் தடுமாற்றம், விடையின் மேல்முனையைப் பிய்த்து இழுத்துவிடுகிறது. ஆராய்ச்சி எவ்வளவோ வளர்ந்தும் பெரிய எண்களை ஒழித்துக்கட்டுவது கடினமாகவும், சின்ன எண்களை ஒழித்துக்கட்டுவது எளிதாகவும் இருந்ததற்கு இதுவே காரணம். (மேகத்தை மட்டும் நம்பாமல், பனியுகங்கள் விட்டுச்சென்ற தடயங்களையும் கடந்த நூற்றாண்டின் வெப்பமானிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஐபிசிசி இறுதியில் 3 டிகிரி என்ற மதிப்பீட்டுக்கு வந்தது. பெரும்பாலும் 2.5-க்கும் 4-க்கும் இடையில் என்று வீச்சையும் சுருக்கியது.)

இந்த இடத்தில் ஒரு குழப்பம் பலருக்கும் வரும். படித்தவர்களுக்கே வருகிறது. மேகம் வெயிலை மறைக்கிறது, ஆகவே குளிர்விக்கிறது. சூடேறினால் நீர் ஆவியாகி மேகம் பெருகும். ஆகவே மேகம் நம்மைக் காக்கும் என்பார்கள். இதில் முதல் பாதி சரி. அதை முதன்முதலில் விண்ணிலிருந்து அளந்து சொன்னவர்களில் முன்னிற்பவர் வீரபத்ரன் ராமநாதன். சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு அமெரிக்காவுக்குப் போனவர். ஒற்றைத் தூண் மாதிரிகளில் கை பழகியவர். 1978-ல் ஜேம்ஸ் கோக்லியோடு சேர்ந்து அந்த மாதிரிகளைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரை அத்துறையில் நுழைபவர்களுக்கு நெடுநாள் பாடமாக இருந்தது.

1984-ல் சேலஞ்சர் விண்கலம் ஒரு செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. பூமிக்கு வரும் வெயிலையும் அது திருப்பி அனுப்பும் கதிரையும் வரவு செலவுப் புத்தகம்போல் எழுதிவைப்பது அதன் வேலை. மேகமில்லாத இடங்களையும் மேகமுள்ள இடங்களையும் பிரித்துப் பார்த்தால் மேகத்தின் பங்கு தனியே வந்துவிடும். 1985 ஏப்ரல் மாதத் தரவை வைத்து ராமநாதன் குழு 1989-ல் வெளியிட்ட கணக்கு இது: வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மேகம் சதுர மீட்டருக்கு 44.5 வாட் குளிர்விக்கிறது. போர்வையாகப் போர்த்துவதால் 31.3 வாட் சூடாக்குகிறது. நிகரம் 13.2 வாட் குளிர்ச்சி. கரியமில வாயுவை இரட்டிப்பாக்கினால் வருவதுபோல் மூன்று மடங்குக்கு மேல். இன்றைய அளவீடுகளில் அந்த நிகரக் குளிர்ச்சி 20 வாட்டை ஒட்டி வருகிறது.

இவ்வளவு பெரிய குடை நம் தலைக்கு மேலே விரிந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் குடை நிழல் தருகிறது என்பதிலிருந்து, வெயில் ஏறினால் குடை பெரிதாகும் என்ற முடிவு வராது. குடை சுருங்கலாம், மெலியலாம், இடம் மாறலாம். மேகம் இன்று என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. ஒரு டிகிரி சூடேறினால் அது எப்படி மாறும் என்பது வேறு கேள்வி. உணர்திறனைத் தீர்மானிப்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் செயற்கைக்கோள் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு அந்தத் தூணுக்குள்தான் திரும்பிப் போக வேண்டும்.

1.94, 2.78. திரும்பவும் அந்த இரண்டு வரிகள். மேகம் உயரத்தை மாற்றாமல் இருந்தால், பூமி சூடேறும்போது அந்த உயரத்துக் காற்றும் சூடேறும், மேகத்தின் மேல்முகமும் சூடேறும். சூடான மேல்முகம் விண்வெளிக்கு அதிக அகச்சிவப்பை அனுப்பும். கடன் அடைப்பதில் மேகமும் தன் பங்கைக் கூட்டுகிறது. மேகம் வெப்பநிலையை மாற்றாமல் இருந்தால், தரை எவ்வளவு காய்ந்தாலும் அது மேலே ஏறிப் பழைய குளிரிலேயே உட்கார்ந்துகொள்கிறது. அனுப்பும் கதிரும் பழைய அளவுதான். ஒரு வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்துக் கடன் கட்டுகிறார்கள், தவணை ஏறுகிறது, ஒருவர் என் பங்கைக் கூட்ட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டால் முழுச் சுமையும் இன்னொருவர் தலையில். இங்கே அந்த இன்னொருவர் மேகமில்லாத வானம். அதற்கு வேண்டிய கூடுதல் கதிரை அனுப்பத் தரை இன்னும் சூடேறியாக வேண்டும்.

ஹான்சன் குழு இரண்டையும் போட்டுக் காட்டியதே தவிர, இயற்கை எதைச் செய்கிறது என்று அந்தத் தூணால் சொல்ல முடியவில்லை. இரண்டு விடைகளில் எது சரி என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2002-ல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹார்ட்மேனும் கிறிஸ்டின் லார்சனும் ஒரு விளக்கம் தந்தார்கள். மேக ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது.

வெப்பமண்டலக் கடலின் மேல் இடிமேகம் எழும்புகிறது. அதன் உச்சி ஓரிடத்தில் பட்டறைக் கல்போலத் தட்டையாக விரிகிறது. ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது? மேகத்தைப் பார்த்தால் பதில் கிடைக்காது. மேகமில்லாத பக்கத்து வானத்தைப் பார்க்க வேண்டும். மேகத்துக்குள் எழும்பிய காற்று எங்கேயாவது இறங்கியாக வேண்டும். தெளிந்த வானத்தில் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும். அந்தச் சூட்டைக் கதிராக வெளியேற்றினால்தான் தொடர்ந்து இறங்க முடியும். அப்படி வெளியேற்றித் தருவது நீராவி. ஆனால் உயரே போகப் போகக் குளிர் கடுமையாகி, காற்றில் நீராவியே இல்லாமல் போகிறது. மைனஸ் 70 டிகிரியை நெருங்கும்போது கதிராக வெளியேற்றக் கிட்டத்தட்ட எதுவும் மிச்சமில்லை. நீராவியின் ஆட்சி முடியும் அந்த எல்லைக்கு மேல் காற்று இறங்க முடியாது. இறங்க முடியாத இடத்தில் ஏறவும் முடியாது. ஆகவே எழும்பிய காற்று அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் விரிகிறது. அங்கேதான் மேகத்தின் தட்டை உச்சி.

இப்போது பூமியைச் சூடாக்குங்கள். காற்றில் எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது முதன்மையாக வெப்பநிலை. உயரத்துக்கு அதில் பேச்சுரிமை குறைவு. ஆகவே நீராவி தீர்ந்துபோகும் எல்லையும் அதே வெப்பநிலையைத் தேடிக்கொண்டு மேலே நகர்கிறது. மேகமும் கூடவே ஏறுகிறது. உயரம் மாறுகிறது, குளிர் மாறவில்லை. அதாவது 1981 அட்டவணையின் இரண்டாவது வரி. பின்னால் வந்த நுட்பமான கணக்குகளில் மேகத்தின் வெப்பநிலை சிறிதளவு ஏறுகிறது, அந்தப் பிடிவாதம் நூற்றுக்கு நூறு இல்லை என்று தெரிந்தது. ஆனால் மேகத்தால் வரும் கூடுதல் சூட்டில் மிக உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி இதுதான் என்று இன்று ஒப்புக்கொள்கிறார்கள். மொத்த 0.42-ல் ஏறத்தாழ பாதி, 0.2, இந்த ஏறும் மேகத்தின் கணக்கு.

உயர்ந்த மேகத்தின் கதை இவ்வளவு சுத்தமாக முடிந்துவிட்டது. தாழ்ந்த மேகம் அப்படி வழிக்கு வரவில்லை.

தூண் மாதிரிக்காரர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. 1972-ல் ஸ்டீபன் ஷ்னைடர் மேகத்தின் பரப்பும் உயரமும் எதிரெதிராக இழுக்கும் என்று காட்டினார். 1984-ல் ரிச்சர்ட் சாமர்வில்லும் லோரெய்ன் ரீமரும் வேறொரு நூலைப் பிடித்தார்கள். சூடான காற்றில் நீர் அதிகம். ஆகவே மேகத்துக்குள்ளும் நீர்த்துளி அதிகமாகும், மேகம் வெளுக்கும், வெயிலை அதிகமாகத் திருப்பும். சோவியத் விமானங்கள் மேகங்களுக்குள் புகுந்து எடுத்த அளவுகளை வைத்து, டிகிரிக்கு இவ்வளவு என்று தூணுக்குள் நுழைத்தார்கள். வெப்பமாதல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரே வரியைச் சேர்த்ததில் பாதி! எளிய மாதிரி எவ்வளவு கூர்மையான கருவியோ அவ்வளவு ஆபத்தான கருவியும்கூட. எந்தக் குணத்தை நுழைக்கிறோமோ அதை அப்படியே பெரிதாக்கித் திருப்பித் தரும்; நுழைக்காததைப் பற்றி வாயே திறக்காது.

பெரிய மாதிரிகள் மட்டும் என்ன வாழ்ந்தன? ராமநாதனுக்கு முனைவர் பட்டத்தில் வழிகாட்டியவர் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் செஸ். அவர் 1989-ல் பல நாட்டு ஆய்வகங்களின் 14 முப்பரிமாண மாதிரிகளை ஒரே பரீட்சைக்கு உட்கார வைத்தார். கடலின் வெப்பநிலையை 2 டிகிரி ஏற்றியும் இறக்கியும் பார்த்து, வெளியேறும் கதிர் எவ்வளவு மாறுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மேகமில்லாத வானத்துக்கு எல்லா மாதிரிகளும் ஏறக்குறைய ஒரே விடை எழுதின, பார்த்து எழுதியதுபோல. மேகத்தையும் சேர்த்ததும் உணர்திறன் மாதிரிக்கு மாதிரி மூன்று மடங்கு வரை சிதறியது.

அதே ஆண்டு பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தில் ஜான் மிட்செல், கேத்தரின் சீனியர், வில்லியம் இங்ராம் மூவரும் தங்கள் சொந்த மாதிரியையே கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். ஈரப்பதம் இவ்வளவு இருந்தால் மேகம் இவ்வளவு என்ற பழைய எளிய விதியோடு விடை 5.2 டிகிரி. மேகத்துக்குள் இருப்பது நீர்த்துளியா பனிப்படிகமா என்று கணக்கு வைக்கத் தொடங்கியதும் 2.7. அந்த நீரின் அளவுக்கு ஏற்ப மேகத்தின் வெளுப்பும் மாறட்டும் என்று விட்டதும் 1.9. பனிப்படிகம் சீக்கிரம் கீழே விழுந்துவிடும், நீர்த்துளி மிதக்கும். சூடேறினால் பனி மேகம் நீர் மேகமாகும், நெடுநேரம் நிற்கும், நிழல் தரும். அதுதான் அவர்கள் கண்ட காரணம். காரணம் சரியே. ஆனால் 2016 வாக்கில் செயற்கைக்கோள் அளவுகளோடு ஒப்பிட்டபோது, பல மாதிரிகளின் குளிர்ந்த மேகங்களில் பனி மிதமிஞ்சி இருப்பது தெரிந்தது. உண்மை மேகத்தில் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத நீர் நிறைய இருக்கிறது. ஏற்கெனவே நீராக இருப்பது புதிதாக நீராக மாற முடியாதே. அங்கே எதிர்பார்த்த காப்பில் ஒரு பகுதி கற்பனையாகிவிட்டது.

தாழ்ந்த மேகத்தில் மிகப் பெரிய பங்கு கடல்மேல் பாய்போல் விரிந்து கிடக்கும் படைத்திரள் மேகங்களுக்கு. பெரு, கலிபோர்னியா, நமீபியா கரைகளை ஒட்டிய குளிர்ந்த நீரின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அவை கிடக்கும். சில நூறு மீட்டர் தடிமன்தான். அவற்றின் உயிர் மேல்முகத்தில் இருக்கிறது. மேல்முகம் விண்வெளிக்குக் கதிரை விட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்து மூழ்குகிறது. அந்தக் கலக்கம் கீழேயுள்ள கடலிலிருந்து ஈரத்தை மேலே இழுத்துவந்து மேகத்துக்குத் தீனி போடுகிறது. மேலேயுள்ள காற்றில் கரியமில வாயுவும் நீராவியும் பெருகினால் மேல்முகம் குளிர்வது தளர்கிறது. தீனி குறைகிறது. 2019-ல் கால்டெக் பல்கலைக்கழகத்தின் டாபியோ ஷ்னைடரும் சகாக்களும், மேகத்தின் சுழல்களைக் கணக்கிடும் ஒரு சின்னப் பெட்டியை எளிய வெப்பமண்டல மாதிரியோடு கோத்து இதை ஓட்டிப் பார்த்தார்கள். கரியமில வாயு பத்து லட்சத்தில் 1200 பங்கைத் தாண்டியதும் பாய் சட்டென்று கிழிந்து துண்டு துண்டாகச் சிதறியது. அதனால் மட்டும் ஏறிய வெப்பம் சுமார் 8 டிகிரி. இன்று நாம் 420 பங்கைத் தாண்டியிருக்கிறோம். 1200-ஐ நான் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி சின்னது, அதைச் சுற்றியுள்ள உலகம் மிக எளிமையானது. ஆனால் தாழ்ந்த மேகத்துக்கு உயர்ந்த மேகத்தைப்போல் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லை என்பதை அந்தப் பெட்டி காட்டுகிறது.

படைத்திரள் பாயிலிருந்து இன்னும் வெப்பமான கடலுக்குப் போனால், வணிகக் காற்று வீசும் பகுதிகளில் பஞ்சுப்பொதிபோல் சின்னச் சின்னத் திரள் மேகங்கள். தனியே பார்த்தால் பொருட்படுத்த மாட்டோம். ஆனால் அவை மிதக்கும் கடற்பரப்பு மிகப் பெரியது. 2005-ல் பாரிசின் சாந்த்ரின் போனியும் ழான்-லூயி டுஃப்ரேனும், மாதிரிகளின் சண்டை பெரும்பாலும் இத்தகைய தாழ்ந்த கடல்மேகங்களைப் பற்றியதுதான் என்று காட்டியிருந்தார்கள். 2014-ல் ஸ்டீவன் ஷெர்வுட் அவர்களோடு சேர்ந்து ஒரு பொறிமுறையைச் சொன்னார். சூடேறினால் கீழேயுள்ள ஈரக்காற்றும் மேலேயுள்ள வறண்ட காற்றும் வேகமாகக் கலக்கும், மேகத்தின் அடிவாரம் உலர்ந்துபோகும், மேகம் கரையும். எந்த மாதிரியில் கலப்பு வலுவோ அதில் உணர்திறனும் அதிகம்.

இதைக் கணினியில் தீர்க்க முடியாது என்பது தெளிவானதும் 2020 ஜனவரியில் பார்படோஸ் தீவுக்குப் போனார்கள். அந்த ஆய்வுப் பயணத்துக்கு யுரேகா என்று பெயர். பியோர்ன் ஸ்டீவன்சும் போனியும் முன்னின்று நடத்தினார்கள். ஹாலோ என்ற ஜெர்மன் விமானம் மேகங்களுக்கு மேலே, 200 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த விட்டமுள்ள வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. சுற்றும்போதே பாராசூட் கட்டிய உணர்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போட்டது. அந்த வட்டத்துக்குள் காற்று எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று அவை சொல்லிவிடும். அதே நேரத்தில் ஒரு பிரெஞ்சு விமானம் மேகத்தின் அடிவார உயரத்திலேயே பறந்துகொண்டு, ரேடாரையும் லேசர் கருவியையும் பக்கவாட்டில் திருப்பி, அடிவாரத்தில் எவ்வளவு பரப்பை மேகம் பிடித்திருக்கிறது என்று அளந்தது. மேகத்தை மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்துப் பழகியவர்கள் முதல்முறையாக அதன் இடுப்புச் சுற்றை அளந்தார்கள் என்று சொல்லலாம்.

ராஃபேலா ஃபோகல் முன்னின்று எழுதிய முடிவு 2022 இறுதியில் 'நேச்சர்' இதழில் வந்தது. கலப்பு வலுத்த நாள்களில் அடிவாரத்து மேகம் உலர்ந்து சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை, சற்றுப் பெருகியிருந்தது. கலப்பைக் கூட்டிய அதே மேலெழும் காற்று, உலர்த்தியதைவிட அதிகமாக ஈரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. இந்த வழியாக மிகப் பெரிய உணர்திறனைக் காட்டிய மாதிரிகள் நம்பத்தக்கவையாகத் தெரியவில்லை என்று கட்டுரை முடிகிறது. கூடை கூடையாகச் சேறு கொட்டும் என்று பயந்த இடத்தில், பார்படோசின் அந்தப் பஞ்சுப்பொதிகள் தங்கள் பங்குக்கு ஒரு கைப்பிடிதான் போட்டிருந்தன. பெரு, நமீபியா கரைகளின் பாய் மேகத்துக்கு இப்படி ஒரு வட்டம் இன்னும் போட்டு முடியவில்லை.